வியாழக்கிழமை மழை

கூரையில் ஒரு ஓடுகூட உடைந்திருக்கவில்லை. அலெய்டா நிடாமை உறுத்தியது அதுதான்.

கொட்டகையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எரிப்பதற்காகச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண் கட்டிகள் மூன்று சுவரோரமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. உத்தரத்தில் ஒட்டடை. தரையில் உலர்ந்த தூசி. வெளியே காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஓடு எப்போது மாற்றியது என்று கேட்டாள்.

"நாப்பத்திரண்டுல. அவரே ஏறி மாத்தினாரு," என்றாள் யாகோபா மாண்டர்ஸ். "அதுக்கப்புறம் ஒழுகினதே இல்ல."

யாகோபாவுக்கு முப்பத்தாறு வயது. மரச்செருப்பில் சேறு, கையில் தீவன வாளி. அவள் கணவன் லாம்பெர்ட்டை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்று இரண்டரை வருடம் ஆகியிருந்தது. நேச நாட்டு விமானி ஒருவனை இந்தக் கொட்டகையில் ஏழு வாரம் ஒளித்து வைத்தான் என்பது குற்றம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூர்ஹூக் கிராமத்தின் தேவாலய மண்டபத்தில் அவன் பெயரில் நன்றிப் பத்திரம் கொடுப்பதாக ஏற்பாடு. இன்று புதன்.

அலெய்டா கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம். அது அவள் வேலை. விமானிகளுக்கு அடைக்கலம் கொடுத்ததாகச் சொல்லும் குடும்பங்களைத் தேடிப் போய், சொல்வது உண்மைதானா என்று துருவிப் பார்த்து, தி ஹேக் நகரில் இருக்கும் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். போர் முடிந்த ஒன்றரை வருடத்தில் விண்ணப்பங்கள் மலையாய்க் குவிந்துவிட்டன.

"இத்தனை பேர் வீட்டுலயும் விமானி ஒளிஞ்சிருந்தான்னா, மேல பறக்கறதுக்கு ஆள் ஏது மேடம்?" என்று கேட்பான் வெசல்.

வெசல் அவளுடைய உதவியாளன். ஜீப் ஓட்டுவான், தட்டச்சு செய்வான், கேட்காமலே கருத்துச் சொல்வான். முப்பத்திரண்டு வயது. போருக்கு முன்னால் ரொட்டிக் கடை வைத்திருந்தவன். ஜெர்மன் தொழிற்சாலைக்குக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போகாமல் இருக்க, தன் கடை அடுப்புக்குப் பின்னால் தரைப் பலகைக்கடியில் இரண்டு வருடம் கிடந்தவன். அதனால்தான் வாய் ஓயாமல் பேசுகிறான் என்பது அலெய்டாவின் கணிப்பு. அந்த இரண்டு வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது.

அவளோ நேர் எதிர். டென் போஸ் நகரத் தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். ஆக்கிரமிப்பின்போது ஜெர்மன் அதிகாரிகளின் பேச்சை ஒட்டுக் கேட்டு வெளியே அனுப்பியவள். மற்றவர்கள் பேச்சைக் கேட்பார்கள் என்றால், அவள் பேச்சுக்கு நடுவே விழும் இடைவெளியைக் கேட்பாள்.

"அம்மா, விமானி படுத்திருந்த இடம் எது?"

யாகோபா தெரியாது என்றாள். அவள் அவனைப் பார்த்ததே இல்லை. கொட்டகைக்குள் யாரோ இருப்பதாகக் கணவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கே, அவனைச் சுட்ட அந்த மார்ச் மாதக் காலையில்தான் தெரிந்ததாம். கால்வாய் ஓரத்துப் பள்ளத்தில் புதைத்திருந்த பாரசூட்டை நாய் தோண்டி எடுத்துவிட்டது. படைவீரர்கள் வந்து ஊர் ஆண்களில் ஒன்பது பேரைப் பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தினார்கள். பத்து நிமிடம் கெடு கொடுத்தார்கள். ஏழாவது நிமிடத்தில் லாம்பெர்ட் முன்னால் வந்து, நான்தான் ஒளித்து வைத்தேன், என் மண் கொட்டகையில், அவன் போய்ப் பதினோரு நாள் ஆகிறது என்றான். எட்டுப் பேரை விட்டுவிட்டார்கள்.

யாகோபா அழவில்லை. ரேஷன் வரிசையில் யாரோ மயங்கி விழுந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். பத்திரம் வேண்டுமென்று அவள் கேட்கவும் இல்லையாம். ஊர்க்காரர்கள்தான் எழுதிப் போட்டார்கள்.

"அந்த ஏழு வாரம் அவர்கிட்ட எதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"தினமும் சாயங்காலம் பால் கறந்ததும் ஒரு குவளை எடுத்துக்கிட்டுப் போவாரு. அரை மணி நேரம் கழிச்சு வருவாரு."

வீட்டிலிருந்து கொட்டகைக்கு இருபது காலடி தூரம்தான். அலெய்டா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நியூசிலாந்திலிருந்து போன மாதம் வந்தது. எழுதியவன் சார்ஜென்ட் டக்கெட், பாரசூட்டில் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட அந்த விமானி. மூர்ஹூக்கை விட்டுப் போன பிறகு ஆண்ட்வெர்ப்பில் பிடிபட்டுச் சிறைமுகாமில் இருந்து, உயிரோடு ஊர் திரும்பியவன். காப்பாற்றியவர்களின் பெயர் அவனுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டால் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா? ஒளிந்த இடத்தைப் பற்றியும் எழுத வழியில்லை. படையில் அப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அலெய்டா ஒரு பத்தியைப் படித்துக் காட்டினாள்.

"'இடத்தைப் பற்றி எழுதத்தான் தடை. மழையைப் பற்றி எழுத யாரும் தடை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு இரண்டு மணி நேரம் ஓசையில்லாமல் இருக்கும். அதை வைத்து நாள் எண்ணுவேன். திங்கட்கிழமை என்மேல் சின்ன மழை. வியாழக்கிழமை பெரிய மழை. வெளியே பனி உறைந்து கிடந்த வாரத்திலும் தவறியதில்லை. இத்துடன் இருக்கும் பொருள் ஒரு வியாழக்கிழமை மழையோடு விழுந்தது. கை எப்போதும் குளிர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உட்காராமலே பால் கொடுத்துவிட்டுப் போகும் அந்த மனிதருக்கும்.'"

"ஹாலந்துல வாரத்துக்கு ரெண்டே நாள் மழை பெய்யற இடம் இருக்குன்னா சொல்லுங்க, நான் இன்னைக்கே குடி போயிடறேன்," என்றான் வெசல்.

யாகோபா சிரிக்கவில்லை. அவன் பேசியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"பொம்பளையா?" என்றாள்.

பிறகு ஓர் இடைவெளி. இரண்டு நொடி இருக்கும். தொலைபேசியில் அப்படி ஒரு இடைவெளி விழுந்தால், அடுத்து ஒரு பொய் வரும், அல்லது யாராவது இணைப்பைத் துண்டிப்பார்கள். யாகோபா துண்டித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

ஊர் நடுவில் இருந்த காப்பிக் கடையில் இருவரும் ஒதுங்கினார்கள். கடைக்காரி ஹில்லா, ஐம்பதைத் தாண்டியவள், இரண்டு கோப்பைகளில் கொண்டுவந்து வைத்ததில் காப்பியைவிடச் சிக்கரி அதிகம். வெசல் ஒரு வாய் குடித்துவிட்டு, போர் முடிந்த செய்தி இந்தக் கடைக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்தான்.

அலெய்டா கடித உறையிலிருந்து அந்தப் பொருளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு பொத்தான். சாம்பல் நிற உலோகம், ஜெர்மன் படைச் சட்டையில் இருப்பது. செத்துக் கிடந்த ஜெர்மன்காரன் சட்டையிலிருந்து அறுத்திருப்பான் என்றான் வெசல்.

"கால் உடைஞ்சு மல்லாந்து படுத்திருந்தவன் எங்க போய் அறுப்பான்? மழையோட விழுந்துச்சுன்னு எழுதியிருக்கானே."

"மேடம், மேலேர்ந்து தண்ணி விழும், ஓடு விழும். பொத்தான் எப்படி விழும்?"

"தண்ணி எப்படி விழும்? அதைச் சொல்லு முதல்ல. கூரை ஒழுகலன்னா, வீட்டுக்குள்ள மேலேர்ந்து எப்பல்லாம் தண்ணி சொட்டும்?"

வெசல் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே யோசித்தான். கரண்டி நின்றது.

"துணி காயப்போட்டா. மழைக்காலத்துல எங்கம்மா பரண்ல கொடி கட்டிக் காயப்போடுவாங்க. திங்கக்கிழமை ராச்சாப்பாட்டுல சோப்புத் தண்ணி விழும்." உடனே அவன் முகம் வாடியது. "ஆனா பிரயோஜனம் இல்ல மேடம். இந்த நாட்டுல எல்லா வீட்டுலயும் திங்கக்கிழமைதான் துவைப்பாங்க. போப்பாண்டவர் செத்தாலும் திங்கக்கிழமை துவைச்சிட்டுத்தான் அழுவாங்க."

"அது சின்ன மழை. வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை யாரு..." என்று ஆரம்பித்தவன் பொத்தானைப் பார்த்தான். "அடுத்தவங்க துணியை வாங்கித் துவைக்கறவ. கூலிக்கு."

"அடுத்தவங்கன்னா யாரு?"

வெசல் பொத்தானை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு எதுவும் பேசாமல் இருந்தான். அவனுக்கு அது அபூர்வம்.

அலெய்டா ஹில்லாவைக் கூப்பிட்டு, போர்க்காலத்தில் இந்த ஊரில் துணி வெளுத்துக் கொடுத்தவர் யார் என்று சாதாரணமாகக் கேட்டாள். ஹில்லா கோப்பைகளை எடுப்பதில் மும்முரமானாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள். பின்னால் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த ஒருவன் கோலுக்குச் சுண்ணம் தடவியபடியே குரல் கொடுத்தான்.

"டினா ஆர்ட்ஸைக் கேக்கறாங்க போல. முடி வளர்ந்திடுச்சாமா அவளுக்கு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஹில்லா சிரிக்கவில்லை. மீதியை அந்த ஆளே சொன்னான், ஆர்வமாக. கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் ஜெர்மானியரின் தேடுவிளக்கு முகாம் இருந்தது. அதற்குப் பக்கத்து வீடு டினாவுடையது. புதன்கிழமை தோறும் வீரர்கள் அழுக்குத் துணி கொண்டுவந்து போடுவார்கள், சனிக்கிழமை வந்து வாங்கிப் போவார்கள், அவளோடு சிரித்துப் பேசுவார்கள். நாற்பத்து நான்கு செப்டம்பரில் பிரிட்டிஷ் டாங்கிகள் வந்து ஊரை விடுவித்த அன்று, எதிரியோடு குலாவியவள் என்று ஊர் அவளை வெளியே இழுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, தலையை மழித்துத் தாரைப் பூசியது. மறுநாள் ஊரை விட்டுப் போய்விட்டாள். ஹெல்மண்டில் ஒரு கன்னிமாடத்துச் சலவைக்கூடத்தில் இருப்பதாகக் கேள்வி.

மதகு வீட்டுக் கதவில் தாரால் எழுதிய வசவு இன்னும் இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. உள்ளே கீழ்த்தளத்தில் ஒரே அறை. ஒரு பக்கம் துவைக்கும் தொட்டியும் இஸ்திரிப் பெட்டி காயவைக்கும் அடுப்பும். மறு பக்கம் சுவருக்குள் பதித்த பெட்டிக் கட்டில். மேலே பரண். பரண் முழுக்கக் கொடிக்கயிறு மாட்டும் கொக்கிகள்.

அலெய்டா குடைக் காம்பால் கட்டிலின் மேற்பலகையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு பரணுக்கு ஏறி அதன் தரையைத் தட்டினாள். இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தது. கட்டிலின் உள்சுவரில் ஒரு பலகை மட்டும் ஆணி இல்லாமல் நின்றது. அதை வெசல் நகர்த்தினான்.

ஒரு ஆள் மல்லாந்து படுக்கலாம். புரள முடியாது.

யார் உள்ளே போவது என்ற பேச்சே எழவில்லை. வெசல் கோட்டைக் கழற்றிவிட்டு நுழைந்தான். அலெய்டா ஒரு நகைச்சுவையை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடம். தீக்குச்சி உரசும் சத்தம் மட்டும் இரண்டு தரம் கேட்டது.

அவன் வெளியே வந்தபோது முகம் மாவு பூசினதுபோல் இருந்தது.

"கோடு கிழிச்சிருக்கான் மேடம். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு. ரெண்டாவதும் அஞ்சாவதும் நீளக் கோடு. நேர் மேல பரண் பலகை இடுக்கு, சுத்தி தண்ணிக் கறை." கோட்டை மாட்டும்போது அதன் ஒரு கைப்பக்கம் அவனுக்கு அகப்படவில்லை. அலெய்டா பிடித்துக் கொடுத்தாள். "ஜெர்மன்காரன் துணியிலேர்ந்து சொட்டின தண்ணியை நக்கியிருப்பான். தாகம் எடுத்தா நக்கத்தான் செய்வோம்."

மறுநாள் ஹெல்மண்ட். சலவைக்கூடம் முழுக்க நீராவி. வியர்த்து வழிந்தது. இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து வந்த டினா ஆர்ட்ஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். முப்பது முப்பத்தைந்து வயது. தலையில் நெற்றி வரை இழுத்துக் கட்டிய துணி. அந்த வெக்கையிலும் அவள் கை ஜில்லென்றிருந்தது.

விமானி என்ற வார்த்தையை எடுத்ததுமே மறுத்துவிட்டாள்.

"என் வீட்டுல இருந்ததெல்லாம் ஜெர்மன்காரன் சட்டைதான். ஊரே சாட்சி சொல்லும்."

அலெய்டா பொத்தானை எடுத்து இஸ்திரித் துணிமேல் வைத்தாள்.

டினா குனிந்து பார்த்தாள். "இது அவன்கிட்டயா இருந்துச்சு? எங்கெல்லாம் தேடினேன். அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரன், ஒரு கார்ப்பரல், ஒரு வாரம் கத்தினான்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்தாள். "உயிரோட இருக்கானா?"

"இருக்கான். ஆட்டுப் பண்ணை வெச்சிருக்கான். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கறானாம்."

டினா துணிக் கூடை விளிம்பில் உட்கார்ந்தாள். "நான்தான் கட்டுப் போட்டேன். கோணலாப் போட்டுட்டேன்னு அப்பவே தெரியும்."

அதற்குப் பிறகு அவளே சொன்னாள். விமானியைப் பள்ளத்தில் கண்டெடுத்தது லாம்பெர்ட். தன் கொட்டகையில் வைத்தால் பிள்ளைகள் உளறிவிடும் என்று பயந்து இவளிடம் தூக்கிவந்தான். தங்கள் சட்டை தொங்கும் வீட்டை வீரர்கள் சோதனை போட மாட்டார்கள் என்பது அவன் யோசனை. ரேஷன் அட்டையில் ஒருத்திக்குத்தான் உணவு. அதனால் தினமும் பால் கொண்டுவந்தான். வீரர்கள் துணி வாங்க வந்தால் அவள் சத்தமாகச் சிரித்துப் பேசுவாள், மேலே இருமல் கேட்டுவிடக்கூடாதே என்று. ஏழு வாரம் கழித்து விமானி நகர முடிந்ததும் லாம்பெர்ட்தான் வண்டியில் மண் கட்டிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய், தப்பிக்க வழிகாட்டும் அடுத்த ஆளிடம் சேர்த்தான்.

சுவரோரம் ஒன்பது பேரை நிறுத்திய காலையில் அவள் மதகுமேல் துணிக் கூடையோடு நின்றிருந்தாள். லாம்பெர்ட் அவளைப் பார்த்தான். தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினான், வேண்டாம் என்று. பிறகு முன்னால் போய், என் கொட்டகையில் என்றான்.

"கடைசியா அவர் சொன்ன வார்த்தை அது. அதைப் போய் நான் பொய்னு ஆக்கணுமா? அதான் யார்கிட்டயும் சொல்லல."

நல்ல காரணம். கேட்பவர் கண் கலங்கும் காரணம். ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் டினாவிடம் ஓர் இடைவெளி விழுந்தது. அலெய்டா அந்த இடைவெளியை நிரப்பாமல் காத்திருந்தாள். வெசலால் காத்திருக்க முடியவில்லை.

"நாற்காலில உட்கார வெச்சாங்களே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே? கொட்டகைன்னு சொன்னது பொய்யானா ஆகட்டுமே. தலையாவது தப்பிச்சிருக்கும்."

டினா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கத்தரிக்கோல் யார் கையில இருந்துச்சுன்னு தெரியுமா தம்பி? யாகோபா கையில. மத்தவங்க புடிச்சுக்கிட்டாங்க, அவதான் வெட்டினா. பாதி வெட்டினதும் காதுகிட்ட குனிஞ்சு, 'தினமும் அரை மணி நேரம் என் புருஷன் உன் வீட்டுல இருந்தானே, நிஜமா?'ன்னு கேட்டா. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அவ இத்தனை நாளா என்ன நினைச்சுக்கிட்டிருந்தான்னு." ஏப்ரன் நுனியை மடித்தாள், பிரித்தாள். "அவனுக்குப் பால் கொண்டாந்தாருடின்னு ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ரத்தம் கண்ணுல இறங்கிக்கிட்டிருந்துது, எல்லாரும் சிரிக்கறாங்க. நான் அவளைப் பார்த்து ஆமான்னு சொன்னேன்."

வெசல் ஏதோ கேட்க வாயெடுத்தான். அலெய்டா கையால் தடுத்தாள்.

"ஆமாடி, உன் புருஷன் எனக்காகத்தான் வந்தான்னேன். அவளுக்கு நான் குடுத்த தண்டனை. ரெண்டு வருஷமா அதைத்தான் அவ தின்னுக்கிட்டிருப்பா. லாம்பெர்ட் மாதிரி ஒரு மனுஷன் மேல அந்தப் பழியைப் போட்டது நான். என் பேரை எழுதணும்னா எழுதிக்கோங்க. அந்த ஊருக்கு மட்டும் வரமாட்டேன். அவகிட்ட போய் அது பொய்னு சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

திரும்பும் வழியெல்லாம் வெசல் பேசவில்லை. ஒரு இடத்தில் அலெய்டா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். பாப்லர் மரங்களுக்கு நடுவே ஜீப்பைத் தேவைக்கு மேல் வேகமாக ஓட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை யாகோபா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அலெய்டா சுற்றிவளைக்கவில்லை. வியாழக்கிழமை மழையில் ஆரம்பித்து, டினா சொன்ன 'ஆமா' வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். கத்தி ஒரு கிழங்கின் பாதியில் நின்றது. தோல் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

யாகோபா கேட்டது ஒன்றுதான்.

"பாலை அந்தப் பையன்தான் குடிச்சானா?"

"அவன்தான்."

யாகோபா எழுந்து கையைக் கழுவினாள். துடைக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவ ஆமான்னு சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர் துணியெல்லாம் கொளுத்தினேன். படத்தையும். அவர் பேரை வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். சின்னவளுக்கு அவர் முகமே மறந்து போச்சு." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "பத்திரத்துல என்ன எழுதுவீங்க?"

நடந்ததை எழுதுவேன் என்றாள் அலெய்டா. இரண்டு பத்திரம், இரண்டு பெயர். லாம்பெர்ட் செய்தது கொஞ்சமும் குறையாது, கொட்டகை என்ற ஒரு வார்த்தை மட்டும் மாறும். ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதை மேயரிடம் பேசிக்கொள்ளலாம், யாகோபா வாய் திறக்கத் தேவையில்லை என்றாள்.

"இல்ல," என்றாள் யாகோபா. பாதியில் நின்ற கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் யாகோபா, கறுப்பு உடையில், இரண்டு பக்கமும் பிள்ளைகள். மேடையில் மேயரும் தி ஹேக்கிலிருந்து வந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும். கடைசி வரிசையில் அலெய்டாவும் வெசலும். மேயர் லாம்பெர்ட்டின் தியாகத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். டினாவின் பெயர் வரும் இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்னொரு நபரும் உதவியதாகத் தெரிகிறது என்று தாண்டிப் போனார்.

பத்திரத்தை வாங்கிக்கொண்ட யாகோபா இடத்துக்குத் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"எங்க கொட்டகையில யாரும் இல்ல. அந்த நபருக்குப் பேர் இருக்கு. டினா ஆர்ட்ஸ். அவ வீட்டுல, அவ கட்டிலுக்கு மேல ஏழு வாரம் இருந்தான். என் வீட்டுக்காரர் அங்க பால் கொண்டுபோனாரு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவ தலையை வெட்டினது நான். நான் மட்டும் இல்ல. அன்னைக்கு என்கூட நின்னவங்க, கையைப் புடிச்சவங்க, தார் கலக்கினவங்க, சிரிச்சவங்க, எழுந்து நில்லுங்க. என் பிள்ளைங்க பார்க்கட்டும். நான் தனியாச் செய்யலன்னு அதுங்களுக்குத் தெரியணும்."

ஒருவரும் அசையவில்லை. மேயர் காகிதத்தைப் புரட்டினார். காப்பிக் கடையில் முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்ட ஆள் தன் தொப்பிக்குள் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தான். ஜன்னலில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

அலெய்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

வெசல் எழுந்து நின்றான். தலைகள் திரும்பின. அவனுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லார் முகத்திலும் கேள்வி.

"நான் இந்த ஊர் இல்ல," என்றான். "எங்க ஊர்லயும் ஒருத்தியை இப்படித் தலை மழிச்சாங்க, போன வருஷம் மே மாசம். பலகைக்கடியிலேர்ந்து வெளிய வந்த மூணாவது நாள். நாற்காலிக்குப் பின்னால நின்னு அவ ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டது நான்தான். அவ என்ன தப்பு செஞ்சான்னு நான் யார்கிட்டயும் கேக்கல. அவ பேர்கூட எனக்குத் தெரியாது."

அவன் உட்காரவில்லை. அலெய்டா அவனை நிமிர்ந்து பார்க்க முயன்று, முடியாமல், மடியிலிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றரை வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிய ஒருவனின் பேச்சில் எத்தனை இடைவெளிகளை அவள் கேட்காமல் விட்டிருக்கிறாள்!

நடு வரிசையில் காப்பிக் கடை ஹில்லா, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்தாள்.

மேயர் பொறுத்துப் பார்த்தார். பாதிரியாரும் பார்த்தார். பிரிட்டிஷ் அதிகாரிக்கு மொழி புரியாவிட்டாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று அந்த மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். யாகோபாவையும் சேர்த்து நின்றவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் வெளியூர்க்காரன்.